டிஃப் லாக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலும்: ஒரு சக்கரம் சும்மா சுற்றும்போது உள்ளே நடப்பது என்ன?

ஆஃப்-ரோடு ஓட்டுபவர்கள் கூடும் இடத்தில் சில பேச்சுகள் திரும்பத் திரும்பக் காதில் விழும். “4×4 இருந்தால் நாலு சக்கரமும் இழுக்கும், சிக்கவே சிக்காது.” “சாதாரண டிஃபரன்ஷியல் பவர் முழுவதையும் வழுக்குகிற சக்கரத்துக்கே அனுப்பிவிடும்.” “டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருக்கும்போது டிஃப் லாக் எதற்கு?” “மண்ணில் இறங்கினதும் முதல் வேலையாக டிராக்‌ஷன் கண்ட்ரோலை ஆஃப் பண்ணு.”

முதல் இரண்டும் தவறு. அடுத்த இரண்டும் சில இடத்தில் சரி, சில இடத்தில் வண்டியை அப்படியே சேற்றில் உட்காரவைக்கும். இதை நம்பித்தான் மஹிந்திரா தார் வாங்கலாமா, மாருதி ஜிம்னி வாங்கலாமா, ஃபோர்ஸ் கூர்க்கா வாங்கலாமா என்று பல லட்சம் ரூபாய் முடிவுகள் எடுக்கப்படுகின்றன. மலைச்சரிவில் தவறான நேரத்தில் லாக் போட்டால் பணத்தைவிடப் பெரியது போகும். அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குவோம். மெக்கானிக் அறிவு எதுவும் தேவையில்லை.

டிஃபரன்ஷியல் ஏன் வேண்டும்?

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். எவ்வளவு அதிகம்? இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு முழு வட்டம் அடித்து வரும்போது வெளிச் சக்கரம் ஏறத்தாழ 9.4 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். வட்டம் சின்னதோ பெரியதோ, இந்த வித்தியாசம் மாறாது.

இரண்டு சக்கரங்களும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கப்பட்டிருந்தால் இந்த வித்தியாசத்தை எங்கேயாவது கழிக்க வேண்டும். ஒரு டயர் தரையில் தேய்ந்துகொண்டே இழுபடும். தார் ரோட்டில் டயர் கீச்சிடும், திருப்புவது கடினமாகும், தண்டு முறுக்கிக்கொள்ளும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் டிஃபரன்ஷியல்: எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் கொடுத்துக்கொண்டே, அவை வெவ்வேறு வேகத்தில் சுற்றவும் அனுமதிக்கும் பல்சக்கர அமைப்பு. பிரான்சைச் சேர்ந்த ஓனெசிஃபோர் பெக்கர் என்பவர் 1820-களின் பிற்பகுதியிலேயே நீராவி வண்டிக்காக இதை வடிவமைத்துவிட்டார். இடது வலது சக்கரங்களை இணைக்கும் தண்டான ஆக்சிலின் நடுவில் பூசணிக்காய் மாதிரி உப்பித் தெரிகிறதே, அதற்குள்தான் இது இருக்கிறது. எஞ்சின் பக்கமிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் நீண்ட தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட், உள்ளே இருக்கும் கிரவுன் சக்கரத்தைச் சுழற்றும். கிரவுனோடு சேர்ந்து சுற்றும் கூட்டுக்குள் சின்னச் சின்னப் பல்சக்கரங்கள் இருக்கும். அவை இடப்பக்க ஆக்சிலையும் வலப்பக்க ஆக்சிலையும் ஒரே சமயத்தில் தள்ளும்.

கூடுதல் வசதி எதுவும் இல்லாத இந்தச் சாதாரண வகைக்கு ஓப்பன் டிஃபரன்ஷியல் என்று பெயர். நாம் தினமும் ஓட்டும் கார்களில் பெரும்பாலும் இதுதான்.

கப்பியும் கயிறும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

கிணற்றுக் கப்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கயிற்றைக் கோத்து, கயிற்றின் ஒரு முனையை மரத்தில் கட்டுங்கள். மறுமுனையை ஒரு சின்னப் பையன் கையில் கொடுங்கள். இப்போது நீங்கள் கப்பியைப் பிடித்து இழுக்கிறீர்கள். கப்பிதான் டிஃபரன்ஷியல். இழுக்கும் நீங்கள் எஞ்சின். மரம், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரம். பையன், சேற்றில் நிற்கும் சக்கரம்.

பையனால் 5 கிலோ அளவுக்குத்தான் பிடித்துக்கொள்ள முடியும் என்றால் என்ன ஆகும்? அவன் பக்கம் 5 கிலோ இழுவை வந்ததும் கயிறு அவன் கையிலிருந்து உருவிக்கொண்டு ஓடும். கப்பியில் ஓடும் கயிற்றில் இரண்டு பக்கமும் இழுவை சமமாகத்தான் இருக்கும். ஆகவே மரத்தின் பக்கமும் அதே 5 கிலோதான். மரம் ஆயிரம் கிலோ தாங்கும். ஆனால் அதற்குக் கிடைப்பது 5 கிலோ. நீங்கள் பீமனாகவே இருந்தாலும் மொத்தம் 10 கிலோவுக்கு மேல் இழுக்க வழியில்லை, ஏனென்றால் எதிர்ப்பே இல்லை.

ஓப்பன் டிஃபரன்ஷியலும் அப்படியே. இரண்டு சக்கரங்களுக்கும் அது கொடுக்கும் முறுக்கு விசை, அதாவது சக்கரத்தைச் சுழற்ற முயலும் பலம், எப்போதும் சமம். உள்ளே இருக்கும் சின்ன உராய்வைத் தவிர வேறு வித்தியாசம் கிடையாது. வழுக்குகிற சக்கரத்துக்கு அது எதையும் கூடுதலாக அனுப்புவதில்லை. வழுக்குகிற சக்கரம் எவ்வளவு குறைவாகத் தாங்குகிறதோ, நல்ல சக்கரத்துக்கும் அதே குறைவுதான் போகிறது. “பவர் எல்லாம் வழுக்குகிற பக்கம் போய்விட்டது” என்று தோன்றுவதற்குக் காரணம் வேகம். கப்பி ஒரு அடி நகர்ந்தால் பையன் கையிலிருந்து இரண்டு அடி கயிறு ஓடும். அதுபோல ஒரு சக்கரம் நின்றுவிட்டால் மற்றது இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். சேற்றை வாரி இறைத்துக்கொண்டு அவ்வளவு ஆவேசமாகச் சுற்றும் சக்கரத்தைப் பார்த்தால் பலம் முழுவதும் அங்கே இருப்பதாகத்தான் கண் நம்பும்.

அதையே எண்களில்

ஒரு ஆக்சிலை மட்டும் பார்ப்போம். இடச் சக்கரம் சேற்றில். 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை வந்தாலே அது வழுக்கிவிடும். வலச் சக்கரம் பாறையில். அது 1,500 வரை தாங்கும். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்.

ஓப்பன் டிஃபரன்ஷியலில் இடதுக்கு 100, வலதுக்கும் 100. மொத்தம் 200. மேடு ஏற 700 தேவை என்றால் வண்டி நகராது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சேற்றுச் சக்கரம் வேகமாகச் சுற்றும், பள்ளம் ஆழமாகும், அவ்வளவுதான். இடச் சக்கரம் காற்றில் தொங்கினால் இன்னும் மோசம். அது தாங்குவது கிட்டத்தட்ட பூஜ்யம், வலதுக்குப் போவதும் கிட்டத்தட்ட பூஜ்யம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: டிஃபரன்ஷியல் வளைவுக்காக வந்தது. அது சமமாகப் பிரிப்பது விசையை, வேகத்தை அல்ல. பலவீனமான சக்கரம் எவ்வளவோ, பலமான சக்கரமும் அவ்வளவுதான். இனி பேசப்போகும் இரண்டு கருவிகளும் இந்த ஒரு பிரச்சினையைத் தீர்க்க வந்தவை, ஆனால் முற்றிலும் வேறு வேறு வழியில்.

4×4 வண்டியே ஏன் நின்றுவிடுகிறது?

தார், ஜிம்னி, கூர்க்கா போன்றவற்றில் 4×4 போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் பெட்டி முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் போகும் ஷாஃப்டுகளை ஒன்றோடொன்று இணைத்துவிடும். முன்னும் பின்னும் சேர்ந்தாயிற்று. ஆனால் ஒவ்வொரு ஆக்சிலுக்குள்ளும் இன்னும் ஒரு ஓப்பன் டிஃபரன்ஷியல் இருக்கிறது. இடதும் வலதும் சேரவில்லை.

மேடு பள்ளமான பாதையில் முன் இடச் சக்கரம் ஒரு குழிக்கு மேல் தொங்குகிறது, பின் வலச் சக்கரமும் அதேபோல் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்குக் கோட்டில் இரண்டு சக்கரம் அந்தரத்தில். ஆஃப்-ரோடு ஓட்டுபவர்கள் இதை கிராஸ் ஆக்சில் என்பார்கள். முன் ஆக்சிலில் பலவீனமான சக்கரம் தாங்குவது பூஜ்யம், பின் ஆக்சிலிலும் பூஜ்யம். தரையில் உறுதியாக நிற்கும் மற்ற இரண்டு சக்கரங்களும் அசையாமல் இருக்க, அந்தரத்தில் இருப்பவை மட்டும் சுற்றும். 4×4 பேட்ஜ் ஒட்டிய வண்டி சின்னக் குழியில் நின்றுபோவது இப்படித்தான்.

சஸ்பென்ஷன் நன்றாக நீண்டு மடங்கி நாலு சக்கரத்தையும் தரையில் வைத்திருக்கும் வண்டிகளுக்கு இந்த நிலை தாமதமாகத்தான் வரும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பழைய மஹிந்திரா ஜீப்புகளில் எந்த எலெக்ட்ரானிக்ஸும் கிடையாது. லோ கியர், தடிமனான லீஃப் ஸ்பிரிங், எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைக்க வேண்டும் என்று தெரிந்த ஓட்டுநர், இவை போதும் அந்தப் பாதைக்கு. அதை மறக்காமல் மேலே போவோம்.

டிஃப் லாக் செய்வது

மீண்டும் கப்பிக்கு வாருங்கள். கயிற்றைக் கப்பியோடு சேர்த்து இறுக்கமாக முடிச்சுப் போட்டுவிடுகிறோம். இனி கயிறு ஓடாது. நீங்கள் இழுத்தால் மரத்தின் பக்கம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவும் அங்கே போகும். பையன் தன் பங்குக்கு 5 கிலோ தருவான், மீதி முழுவதும் மரம்.

டிஃபரன்ஷியல் லாக், சுருக்கமாக டிஃப் லாக், ஆக்சிலின் இரண்டு பாதிகளையும் ஒன்றாகப் பூட்டிவிடும். இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். நம் எண்கணக்கில் சேற்றுச் சக்கரம் 100, பாறைச் சக்கரம் 1,500 வரை. மொத்தம் 1,600 வரை கிடைக்கும். மேடு ஏற 700 போதும் என்றால் வண்டி நிதானமாக ஏறிவிடும். சக்கரம் ஒன்று அந்தரத்தில் இருந்தாலும் கவலையில்லை. அதுவும் சேர்ந்து மெதுவாகச் சுற்றும், அவ்வளவுதான்.

“லாக் போட்டால் 50-50 ஆகப் பிரியும்” என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். விசையைச் சமமாகப் பிரிப்பது ஓப்பன் டிஃபரன்ஷியல். லாக் சமமாக்குவது வேகத்தை. விசை, யாருக்குப் பிடிமானம் இருக்கிறதோ அவர்கள் பக்கம் போகும், சில நேரம் முழுவதுமே ஒரு பக்கம். அதனால்தான் லாக் போட்டு ஆவேசமாக மிதிப்பவர்களின் ஆக்சில் ஷாஃப்ட் உடைகிறது. இரண்டு பேர் சுமக்க வேண்டிய பாரம் ஒருவர் தோளில் விழுகிறது.

லாக்கில் இரண்டு குடும்பம். ஒன்று, ஓட்டுநரே போட்டு எடுப்பது: லீவரால், மின்விசையால், அல்லது காற்றழுத்தத்தால். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் 1980-களின் பிற்பகுதியிலிருந்து விற்கும் காற்று லாக் உலகம் முழுக்கப் பிரபலம். இன்னொன்று, தானாகப் பூட்டிக்கொள்வது. மஹிந்திராவின் சில வண்டிகளில் வரும் எம்எல்டி, அதாவது மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல், இந்த வகை. ஈட்டன் நிறுவனத்தின் இந்த அமைப்பு, இடது வலது சக்கரங்களின் வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டினால் ‘டக்’ என்ற சத்தத்தோடு பூட்டிக்கொள்ளும். சாலை வேகத்தில் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும். அதாவது எம்எல்டி வேலை செய்ய, சக்கரம் முதலில் கொஞ்சம் சுற்றியே ஆக வேண்டும். அந்த நேரத்தில் பயந்து காலை எடுத்துவிட்டால் பூட்டாது. “என் வண்டியில் எம்எல்டி வேலை செய்யவில்லை” என்று சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர்களில் பலருக்கு விஷயம் இவ்வளவுதான்.

டிராக்‌ஷன் கண்ட்ரோல்: ஒரு பெயர், இரண்டு வேலை

குழப்பம் அதிகம் இருப்பது இங்கேதான். டிராக்‌ஷன் கண்ட்ரோல் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன.

முதல் வேலை எஞ்சினைக் கட்டுப்படுத்துவது. மழையில் நனைந்த தார் ரோட்டில் சக்கரம் வழுக்கினால் கம்ப்யூட்டர் எஞ்சின் பலத்தைக் குறைத்துவிடும். சாலையில் இது உயிர் காக்கும். மணலிலோ ஆழமான சேற்றிலோ இதுவே எமன். உங்களுக்குப் பலம் தேவைப்படும் அந்த நொடியில், மிதித்தாலும் எஞ்சின் கேட்காது. வண்டி மெல்ல மெல்ல வேகம் இழந்து புதைந்து நிற்கும்.

இரண்டாவது வேலை பிரேக் பிடிப்பது. ஒரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுற்றினால், அந்தச் சக்கரத்துக்கு மட்டும் கம்ப்யூட்டர் பிரேக் போடும். ஆஃப்-ரோடில் நமக்கு உதவுவது இதுதான். ஜிம்னியில் பிரேக் எல்எஸ்டி, தாரில் பிரேக் லாக்கிங் டிஃபரன்ஷியல் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். எல்எஸ்டி என்பது வழுக்கலை ஓரளவு மட்டும் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலின் பெயர். டிஃபரன்ஷியலுக்குள் அப்படி எந்த உறுப்பும் இல்லாமல் பிரேக்கால் அதே விளைவைக் கொண்டுவருவதால் ‘பிரேக் எல்எஸ்டி’. பெயரில் லாக்கிங் என்று இருந்தாலும் உள்ளே எதுவும் பூட்டப்படுவதில்லை.

பிரேக் போட்டால் வண்டி எப்படி முன்னே போகும்? கப்பிதான் பதில். பையன் வைத்திருக்கும் கயிற்றை இன்னொருவரும் சேர்ந்து பிடித்துக்கொள்கிறார். அவர் 20 கிலோ பிடிக்கிறார். இப்போது பையன் பக்கம் 25 கிலோ. கயிறு இரண்டு பக்கமும் சமம் என்பதால் மரத்தின் பக்கமும் 25. பிரேக் செய்வது அந்த இன்னொருவரின் வேலையை. சேறு தராத எதிர்ப்பை அது தருகிறது. ஓப்பன் டிஃபரன்ஷியல் ஏமாந்துபோய் நல்ல சக்கரத்துக்கும் அதே அளவு கொடுக்கிறது.

இதற்குத் தனியாகப் புது இயந்திரம் எதுவும் வேண்டாம். சக்கர வேகத்தை அளக்க, பிரேக் போடும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் சென்சார் ஏற்கெனவே இருக்கிறது. ஈஎஸ்பி, அதாவது வண்டி தடம் மாறி சறுக்கும்போது சக்கரங்களுக்குத் தனித்தனியாகப் பிரேக் போட்டுக் காப்பாற்றும் அமைப்பு, அதற்கான பம்ப்பும் இருக்கிறது. மீதி சாஃப்ட்வேர். கம்பெனிகள் டிஃப் லாக்கைவிட இதை விரும்புவதற்கு இது பெரிய காரணம்.

ஏமாற்றியதற்கு விலை

இந்தத் தந்திரம் இலவசமாக வருவதில்லை. பழைய எண்களுக்கே போவோம். சேற்றுச் சக்கரத்துக்கு பிரேக் 600 அளவு எதிர்ப்பு தருகிறது. சேற்றின் 100-ஐச் சேர்த்தால் 700. பாறைச் சக்கரத்துக்கும் 700. ஆகமொத்தம் எஞ்சின் 1,400 கொடுக்க வேண்டும். அதில் தரைக்குப் போய்ச் சேர்ந்து வண்டியை நகர்த்துவது 700 + 100, அதாவது 800 மட்டும். மீதி 600-ஐ பிரேக் தின்றுவிடுகிறது, வெப்பமாக.

டிஃப் லாக்கிலோ தரைக்கு 800 வேண்டுமென்றால் எஞ்சின் கொடுக்க வேண்டியதும் 800 மட்டுமே.

பிரேக் வழியின் எல்லாக் குறைகளும் இந்த ஒரு கணக்கிலிருந்துதான் வருகின்றன. நல்ல சக்கரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ, ஏறத்தாழ அதைப்போல இரண்டு மடங்கு எஞ்சின் தர வேண்டும். ஆகவே ஃபோர் லோ போடாமல் முயன்றால் எஞ்சின் திணறும். ஃபோர் லோ, அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்ந்த கியர், சக்கரத்துக்கு வரும் முறுக்கு விசையைச் சுமார் இரண்டு மடங்காக்கும். பிரேக் தின்னும் பங்கை அது ஈடுகட்டிவிடும். ஜிம்னி போன்ற சின்ன எஞ்சின் வண்டி பிரேக் எல்எஸ்டியை வைத்துக்கொண்டே கிராஸ் ஆக்சில் பள்ளங்களைத் தாண்டுவதற்கு லோ கியரும் ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது வெப்பம். நீண்ட ஏற்றத்தில் விடாமல் பயன்படுத்தினால் பிரேக் சூடாகும். ஓர் அளவைத் தாண்டினால் கம்ப்யூட்டர் தானே கையை விரித்துவிடும். சிறிது நேரம் ஆற வைத்த பிறகுதான் திரும்ப வேலை செய்யும். மூன்றாவது, தாமதம். சக்கரம் சுற்றிய பிறகுதான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதற்குள் சேறு கொஞ்சம் தோண்டப்பட்டிருக்கும், வண்டி ஒரு சாண் பின்னால் வழுக்கியிருக்கும்.

இந்தத் தாமதத்தையும் இழப்பையும் சாஃப்ட்வேரால் முழுவதும் சரிக்கட்டலாம் என்று நம்பியவர்கள் உண்டு. லேண்ட் ரோவர் 1998-ல் கொண்டுவந்த இரண்டாம் தலைமுறை டிஸ்கவரியில், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியலைப் பூட்டும் லீவரை எடுத்துவிட்டு, நாலு சக்கரத்துக்குமான பிரேக் டிராக்‌ஷன் கண்ட்ரோலை மட்டும் நம்பினார்கள். சில வருடங்களில் அந்த லாக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. மறுபக்கம், இன்றைய சாஃப்ட்வேர் அன்றையதைவிட வெகுதூரம் முன்னேறிவிட்டது என்பதும் உண்மை.

சரி, இரண்டையும் ஒரு வரியில் வைத்தால்: லாக் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாக்குகிறது, விசை வீணாகாது, ஆனால் வேக வித்தியாசத்துக்கு இடமில்லை. பிரேக் வழி, சக்கரங்களைத் தனித்தனியாகவே விட்டுவிட்டு, ஒன்றைப் பிடித்து மற்றதுக்கு விசையை வரவழைக்கிறது. திரும்பும் சுதந்திரம் இருக்கும், விசையில் பங்கு போகும்.

எந்த இடத்தில் எது?

பாறைகள் நிறைந்த மெதுவான ஏற்றத்தில் லாக்குக்கு நிகரில்லை. அங்கே தேவைப்படுவது அங்குலம் அங்குலமாக ஊர்வது. சக்கரம் சுற்றும்வரை காத்திருந்தால், பிடிமானம் திடீரென்று கிடைக்கும்போது வண்டி குதிக்கும், அடிப்பாகம் பாறையில் இடிக்கும். லாக் போட்டிருந்தால் அந்தக் குதிப்பே வராது. ஆழமான சக்கரத்தடம் விழுந்த சேற்றுப் பாதையிலும் லாக் நன்றாக உதவும், பாதை நேராக இருக்கும்வரை.

கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஈரமான எஸ்டேட் பாதையில் கதை வேறு. பின் லாக் போட்ட வண்டி திருப்பத்தில் நேராகப் போகவே முயலும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் முன் சக்கரங்கள் வழுக்கிக்கொண்டு வெளிப்பக்கம் போகும். முன் லாக்கும் போட்டிருந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பவே கை வலிக்கும். இங்கே பிரேக் வழி டிராக்‌ஷன் கண்ட்ரோல்தான் சௌகரியம். நாலு சக்கரத்திலும் வேலை செய்யும், திருப்பத்தைக் கெடுக்காது, போட்டு எடுக்கும் வேலையும் இல்லை.

மணலில் இரண்டுமே இரண்டாம் பட்சம். எல்லாச் சக்கரத்துக்கும் பிடிமானம் ஏறத்தாழ ஒரேபோலக் குறைவு. ஆகவே இடதிலிருந்து வலதுக்கு மாற்றிக் கொடுக்கப் பெரிதாக எதுவும் இல்லை. அங்கே காப்பாற்றுவது டயர் காற்றைக் குறைப்பதும் ஓட்டத்தை விடாமல் வைத்திருப்பதும். 32 பிஎஸ்ஐ இருக்கும் டயரை 15 முதல் 18 வரை இறக்கினால் டயர் நீளவாக்கில் பரந்து மணல்மேல் மிதக்கும். எஞ்சின் பலத்தைக் குறைக்கும் அந்த முதல் வகை டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைக்க வேண்டிய இடம் இது. பல வண்டிகளில் ஈஎஸ்பி ஆஃப் பட்டனை அழுத்தினால் எஞ்சின் குறுக்கீடுதான் நிற்கும், பிரேக் உதவி தொடரும். சில வண்டிகளில் இரண்டும் போய்விடும். ஜிம்னியில் ஃபோர் லோ போட்டாலே பிரேக் எல்எஸ்டி எஞ்சின் பலத்தைக் குறைக்காமல் வேலை செய்யும். “முதலில் டிராக்‌ஷன் கண்ட்ரோலை ஆஃப் பண்ணு” என்ற அறிவுரை பாதி மட்டும் உண்மை என்று சொன்னது இதனால்தான். கிராஸ் ஆக்சில் பள்ளத்துக்கு முன்னால் பிரேக் உதவியையும் சேர்த்து அணைத்துவிட்டால், இருந்த ஒரே துணையையும் இழந்தீர்கள்.

பக்கவாட்டுச் சரிவு: இதை இரண்டு முறை படியுங்கள்

லாக் பற்றிய பேச்சில் அதிகம் விடுபடும் விஷயம் இது. ஒரு பக்கம் சரிந்த பாதையில், வண்டியைச் சரிவில் இறங்காமல் பிடித்துவைத்திருப்பது டயரின் பக்கவாட்டுப் பிடிமானம். டயர் வழுக்கிச் சுற்றத் தொடங்கிவிட்டால் பக்கவாட்டில் பிடிக்கும் பலமும் அநேகமாகப் போய்விடும்.

ஓப்பன் டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுற்றினாலும் மற்றது சுற்றாமல் தரையைப் பிடித்திருக்கும். வண்டி முன்னே போகாது, ஆனால் பின்பாகம் இருந்த இடத்தில் நிற்கும். லாக் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்தே சுற்றும். இரண்டு சக்கரமும் ஒரே நொடியில் பக்கவாட்டுப் பிடியை இழக்கும். வண்டியின் பின்பாகம் சரிவின் தாழ்ந்த பக்கம் இறங்கும். அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஈரமான புல், களிமண், பனி உறைந்த மலைப்பாதை, இவற்றில் பக்கவாட்டுச் சரிவு இருந்தால் லாக்கை எடுத்துவிட்டு, மெதுவாக, பிரேக் உதவியை மட்டும் நம்பிப் போவதே என் முடிவு. ஏற முடியாவிட்டால் திரும்பி வரலாம்.

கால் எப்படிப் பழக வேண்டும்

இரண்டும் எதிரெதிர்ப் பழக்கத்தைக் கேட்கின்றன. லாக்கை, தடை வருவதற்கு முன்பே, வண்டி நின்றிருக்கும்போதோ ஊர்ந்துகொண்டிருக்கும்போதோ போட வேண்டும். சிக்கிய பிறகு, ஒரு சக்கரம் வெறியாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது போட்டால் உள்ளே பற்கள் அடிபடும். முதலில் காலை எடுத்து, சக்கரம் நின்ற பிறகு போடுங்கள். சுவிட்ச் போட்டதும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் பற்கள் இன்னும் நேராகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். வண்டியைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினால் பொருந்திவிடும். எடுக்கும்போதும் அப்படியே. தண்டு முறுக்கிக்கொண்டிருந்தால் உடனே விடாது, சிறிது பின்னால் எடுத்தால் விடும். கெட்டித் தரை வந்ததும் எடுத்துவிடுங்கள்.

பிரேக் வழிக்கு வேண்டியது பொறுமையான, மாறாத மிதி. சக்கரம் சுற்றும், கீழே ‘கர்ர்ர்’ என்று பம்ப் சத்தம் வரும், வண்டி நடுங்கும். புதியவர்கள் ஏதோ உடைகிறது என்று பயந்து அந்த நொடியில் காலை எடுத்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் தன் வேலையை அப்போதுதான் தொடங்கியிருக்கும். மிதியைக் கூட்டாமல், குறைக்காமல், இரண்டு மூன்று வினாடி அப்படியே பிடியுங்கள். நல்ல சக்கரத்துக்கு விசை வந்து வண்டி நகரும். பெரிதாக மிதித்தாலும் கெடும், ஏனென்றால் பிரேக் தன் பலம் முழுவதையும் அந்த வேகத்தை அடக்குவதிலேயே செலவழிக்கும்.

நம் சந்தையில் இருப்பவை

கூர்க்காவில் முன், பின் இரண்டு ஆக்சிலுக்கும் ஓட்டுநரே போடும் லாக் உண்டு. ஜீப் ராங்ளர் ரூபிகானிலும் அப்படியே, 2003 மாடலாக அந்தப் பெயர் அறிமுகமானதிலிருந்து. மெர்சிடிஸ் ஜி-கிளாஸில் நடு டிஃபரன்ஷியலும் சேர்த்து மூன்று லாக். தார் ராக்ஸின் 4×4 வகையில் பின்னால் மின்விசை லாக் வருகிறது. மூன்று கதவுத் தாரில் வகைக்கு வகை, வருடத்துக்கு வருடம் மாறியிருக்கிறது. சிலவற்றில் எம்எல்டி, சிலவற்றில் பிரேக் வழி மட்டும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் ‘தார் என்றால் லாக் இருக்கும்’ என்று நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். அந்த வண்டியின் வகையைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஜிம்னியில் பிரேக் எல்எஸ்டி மட்டும்.

லாக்கும் பிரேக் வழியும் சேர்ந்து இருந்தால் நல்லதுதான். பின்னால் லாக், முன்னால் பிரேக் உதவி என்பது மிக நல்ல கூட்டணி. ஆனால் சில வண்டிகளில் பின் லாக் போட்டதும் முன் பக்கத்துப் பிரேக் உதவியும் ஏபிஎஸ்ஸும் தாமாக நின்றுவிடும். அதைத் தெரிந்துகொள்ளாமல் இறக்கத்தில் லாக்கோடு இறங்குவது ஆபத்து.

புதிதாகத் தொடங்குகிறவர் பிரேக் வழி மட்டும் உள்ள வண்டி வைத்திருந்தால், வெளியில் லாக் வாங்கிப் பொருத்துவதற்கு முன் நல்ல டயர், காற்றழுத்தம் பார்க்கும் கேஜ், காற்று நிரப்பும் சின்னக் கம்ப்ரசர், இவற்றுக்குச் செலவழிக்கலாம். எந்தக் கருவியானாலும் டயர் தரையைப் பிடிக்கும் அளவைத் தாண்டி எதையும் தர முடியாது. அப்புறம், வண்டியின் கையேட்டில் ஈஎஸ்பி, டிஃப் லாக் பக்கங்களைப் படித்துவிட்டு, சமமான ஈர மண் தரையில் எல்லாவற்றையும் போட்டு, எடுத்துப் பாருங்கள். எந்த வேகத்தில் லாக் தானாக விடுகிறது, ஆஃப் பட்டனை ஒருமுறை அழுத்துவதற்கும் நீளமாக அழுத்திப் பிடிப்பதற்கும் என்ன வித்தியாசம், எந்த விளக்கு எப்போது எரிகிறது என்பதெல்லாம் வண்டிக்கு வண்டி மாறும்.